புதிய மவுஸைக் கைக்குப் பழக்குவது எப்படி?

பழைய மவுஸில் ஊறிப்போன கை, புதியதைப் பிடித்தவுடன் தடுமாறுவது இயல்பே. கர்சர் நாம் நினைத்த இடத்தைத் தாண்டி ஓடும். இல்லையேல் பாதி வழியிலேயே நின்றுவிடும். பெரும்பாலும் இது மவுஸின் பழுதன்று, வேகம் மாறியிருப்பதன் விளைவு.

படி 1: முதலில் மவுஸ் நகரும் பரப்பைக் கவனியுங்கள். ஆப்டிகல் மவுஸ், அடியிலுள்ள பரப்பை இடைவிடாமல் படமெடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டே தன் நகர்வை அறிகிறது. ஆகவே கண்ணாடி மேசையில் கர்சர் துள்ளக்கூடும். ஒரு மவுஸ் பேடு போதும்.

படி 2: இனி வேகம். பொறுமையாகச் செய்ய வேண்டிய படி இதுவே. ஸ்க்ரோல் சக்கரத்துக்குப் பின்னால் சிறு பொத்தான் இருந்தால், அது பெரும்பாலும் டிபிஐயை, அதாவது மவுஸ் கையசைவை எவ்வளவு நுட்பமாக உணர்கிறது என்ற அளவை, மாற்றும் பொத்தானாக இருக்கும். 800 டிபிஐயிலிருந்து 1600க்கு மாற்றினால், கையின் அதே அசைவுக்குக் கர்சர் இரு மடங்கு தொலைவு செல்லும். அதை ஒரே நிலையில் விட்டுவிட்டு, விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ் என்ற வரிசையில் சென்று, பாயிண்டர் வேகத்தை மாற்றுங்கள். பிறகு ஏதேனும் ஒரு கட்டுரையைத் திறந்து, ஒரு சொல்லின் நடுவே, இரண்டு எழுத்துகளுக்கு இடையில் கிளிக் செய்து பாருங்கள். கர்சர் அடுத்த எழுத்துக்குத் தாவினால் வேகத்தைச் சிறிது குறையுங்கள்; திரையின் மறுமுனையை எட்டுவதற்குள் மவுஸைப் பலமுறை தூக்கி வைக்க நேர்ந்தால் சிறிது கூட்டுங்கள். பொருத்தமான வேகம் கிடைத்தபின் சில நாட்களுக்கு அதைத் தொடாதீர்கள். நாள்தோறும் மாற்றிக்கொண்டிருந்தால் கை எதையுமே கற்காது.

படி 3: அதே பக்கத்தில் உள்ள கூடுதல் மவுஸ் அமைப்புகளைத் திறந்தால், 'பட்டன்ஸ்' பகுதியில் ஒரு சிறிய ஃபோல்டர் படம் தெரியும். அதை இருமுறை கிளிக் செய்தும் அது திறக்கவில்லையெனில், இரட்டைக் கிளிக்கின் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். விரலை அவசரப்படுத்துவதைவிட இதுவே நல்லது.

படி 4: மவுஸை இறுகப் பிடிக்காமல், முன்கையை மேசைமீது தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நகர்வை முழங்கையிலிருந்தும், நுணுக்கமான நகர்வை விரல்களாலும் செய்தால் மணிக்கட்டு வலிக்கும் வாய்ப்பு குறையும். பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள் உள்ள மவுஸ் என்றால், அவை பொதுவாக உலாவியில் முந்தைய பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் செல்வதற்கானவை. படிவம் நிரப்பும்போது அவை தவறுதலாக அழுந்தினால் எழுதியதெல்லாம் மறைந்துவிடக்கூடும் என்பதால், கட்டைவிரலை அவற்றுக்குச் சற்றுக் கீழே வைத்துப் பழகுங்கள்.