மறதிநோய் உள்ளவரிடம் வாதிடாமல் இருப்பது எப்படி?

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் வந்தவரைக் குளிப்பாட்டுவதும் அவருக்கு ஊட்டிவிடுவதும் நாளடைவில் கைக்குப் பழகிவிடும். எளிதில் பழகாதது அவருடன் அன்றாடம் மூளும் வாக்குவாதம். பராமரிப்பவர் முதலில் கைவிட வேண்டியது, அவர் சொல்வதில் உள்ள தவறைத் திருத்த வேண்டும் என்ற ஆசையைத்தான்.

இந்நோயின் மிகப் பரவலான வகையான அல்சைமரில், புதிய நிகழ்வுகளை நினைவில் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதி தொடக்கத்திலேயே சிதையத் தொடங்குகிறது. காலையில் இட்லி சாப்பிட்ட அம்மா, பதினொரு மணிக்கு வந்த உறவினரிடம் "எனக்கு இன்னும் யாரும் எதுவும் தரல" என்று சொன்னால், சாப்பிட்டது அவர் நினைவில் ஏறவே இல்லை என்று பொருள். "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று மறுத்தால், தன்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அவருக்குப் படும். உணர்ச்சியோ அவ்வளவு விரைவில் அழிவதில்லை. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படத்துணுக்குகளைக் காட்டினார்கள். பார்த்த காட்சிகள் மறந்துபோன பின்னும் அவை எழுப்பிய உணர்ச்சி அவர்களிடம் நீடித்தது. நீங்கள் போட்ட சத்தம் மறந்துவிடும், அது தந்த கலக்கம் தங்கிவிடும் என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஆகவே சொல்லை விட்டுவிட்டு, சொல்லுக்குப் பின்னால் இருக்கும் உணர்ச்சிக்குப் பதில் சொல்லுங்கள். பல வீடுகளில் பெரும் புண்ணாக இருப்பது திருட்டுப் பழி. பகல் முழுவதும் கூடவே இருக்கும் மருமகளைப் பார்த்து, "என் வளையலை நீதான் எடுத்துட்டே" என்று மாமியார் சொல்வார். வைத்த இடம் நினைவில் இல்லாதபோது, அந்த இடைவெளியை மனம் ஒரு காரணத்தால் நிரப்பிக்கொள்கிறது. எப்போதும் அருகில் இருப்பவர் மீதே பழி விழுகிறது. "நான் எதுக்கு எடுக்கப்போறேன்?" என்று தொடங்கினால் அது வழக்காகிவிடும். "வளையலைக் காணோமா அத்தை? பதறாதீங்க, வாங்க தேடலாம்" என்று எழுந்து அவருடன் நடந்தால் பதற்றம் தணியும். தலையணை உறை, அரிசி டப்பா, பூஜை அலமாரி என அவர் வழக்கமாக ஒளித்துவைக்கும் இடங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அசல் நகைகளைப் பத்திரப்படுத்திவிட்டு, சில்லறை நோட்டுகள் வைத்த பர்ஸ் ஒன்றை அவர் கைவசமே விட்டுவிடலாம். வெளியூரில் இருக்கும் பிள்ளை, பத்து நிமிட வீடியோ அழைப்புக்குப் பிறகு "அம்மா நல்லாத்தானே பேசுறாங்க" என்பார். சிறிது நேரம் இயல்பாகப் பேசிச் சமாளிப்பது இந்நோயில் நெடுநாள் மிஞ்சும் திறமை. நான்கு நாள் உடன் தங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

பொழுது சாயும் நேரத்தில், சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவதும் பரவலாகக் காணப்படுவது. இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள். பசியா, வலியா, சிறுநீர் உபாதையா என்று பாருங்கள். பிறகு "அங்கே யாரெல்லாம் இருப்பாங்க?" என்று கேட்டு, அவரைப் பேசவிட்டு, வாசல்வரை கூட நடந்து திரும்புங்கள்.

இறந்துபோன கணவரைத் தேடும்போது, ஒவ்வொரு முறையும் சாவுச் செய்தியைச் சொல்வது அவரை மீண்டும் மீண்டும் துக்கத்தில் தள்ளும். நோயின் தொடக்கத்தில், தெளிவாக இருக்கும் நேரத்தில் நேராகக் கேட்டால் உண்மையை மென்மையாகச் சொல்வதே மரியாதை; நோய் முற்றிய பிறகு, "அப்பா ஞாபகம் வந்துடுச்சா?" என்று அவரைப் பற்றிப் பேசத் தொடங்குவது போதும் என்பது என் கருத்து.

ஒன்றிரண்டு நாளில் திடீரெனக் குழப்பம் கூடினால் இந்த உத்திகளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, புது மாத்திரை ஆகியவற்றால் அப்படி ஆகலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி உங்கள் மனம். ஆள் கண்ணெதிரே இருக்க, நாம் அறிந்த மனிதர் மட்டும் இல்லாமல் போவதை அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் தெளிவற்ற இழப்பு என்று விவரித்தார். இந்தத் துக்கத்துக்குக் காரியமும் இல்லை, விசாரிக்க வருபவரும் இல்லை. திருத்தியே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தின் அடியில், பழைய அம்மாவை மீட்டுவிடலாம் என்ற இந்த ஏக்கமே பெரும்பாலும் இருக்கிறது. எரிச்சலும், "இது சீக்கிரம் முடியாதா" என்ற எண்ணமும், அதைத் தொடரும் குற்றவுணர்வும் அன்பில்லாததன் அடையாளங்கள் அல்ல. கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தால், அவரைப் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். உடன்பிறந்தவர்களிடம் பொதுவாக "உதவி செய்யுங்கள்" என்று கேட்காமல், "ஞாயிறு காலை 8 முதல் 12 வரை நீ பார்த்துக்கொள்" என்று நேரம் குறித்துக் கேளுங்கள். பேசுவதற்கு வீட்டில் ஆளில்லாதபோது, மத்திய அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.