இசை விழாவுக்குச் சிவப்புப் பேனா இல்லாமல் போவது எப்படி

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடங்களாக அடுத்தவர் எழுத்தில் ஒற்று மிகுந்ததா, மிகாமல் போனதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு ஒரு சாபம் உண்டு: கண் பிழைக்கே பழகிவிடும். பக்கம் முழுக்கச் சரியாக இருந்தால் அந்தப் பக்கமே கண்ணில் படாது. கால் விடுபட்ட ஓர் எழுத்து மட்டும் எழுந்து வந்து முன்னால் நிற்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடிவதில்லை. அச்சடித்த தாள் கையில் இல்லாவிட்டால் என்னையே வாசிக்கத் தொடங்கிவிடும்.

நாட்டுப்புற இசை விழாக்களுக்கு ஒன்பது வருடங்களாகப் போய்வருகிறேன். முதல் மூன்றையும் நானே கெடுத்துக்கொண்டேன். மழை பெய்யவில்லை, ஒலிபெருக்கி சதி செய்யவில்லை, எனக்கு முன்னால் நெட்டையான ஆள் யாரும் நிற்கவுமில்லை. 'இதைத் தவறவிட்டாய், அதற்குத் தாமதமாக வந்தாய், எல்லோரும் ஆடும்போது மரம் மாதிரி நிற்கிறாய்' என்று நாள் முழுக்க எனக்கு நானே திருத்தக் குறி போட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே இங்கே சொல்லப்போகிற யோசனைகளில் பாதி விழாவுக்கு; மீதி, விழாவுக்கு நாம் கூடவே கூட்டிக்கொண்டு போகும் அந்தத் திருத்துநருக்கு.

நிகழ்ச்சி நிரல் கையில் கிடைத்ததும் பேனாவை எடுக்காதீர்கள். ஒரு பெரிய மேடை, மூன்று நான்கு சிறிய மேடைகள், மதியம் தொடங்கி இரவு வரை ஒன்றன்மேல் ஒன்றாக நிகழ்ச்சிகள். இதுதான் பெரும்பாலான விழாக்களின் அமைப்பு. எல்லாவற்றையும் கேட்க முடியாதபடிதான் அதைப் போட்டிருக்கிறார்கள். முதல் விழாவில் நான் அடிக்கோலும் பென்சிலும் வைத்துக் கட்டம் போட்டு, ஒரே நாளில் பதினான்கு நிகழ்ச்சிகளைக் குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு மேடையிலும் கடைசிப் பாட்டுக்கு முந்திய பாட்டில் எழுந்து ஓடினேன். மாலையில் என் நினைவில் மிச்சமிருந்தது என் செருப்புச் சத்தம்தான்.

இப்போது ஒரு நாளைக்கு இரண்டே இரண்டைக் குறிக்கிறேன். அந்த இரண்டுக்கு அரை மணி முன்னதாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். மற்றவை வழியில் கிடைப்பவை. கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் கணக்கில் வராது. குறிக்கும் இரண்டில் ஒன்று சிறிய மேடையாக இருக்கட்டும். சில விழாக்களில் பட்டறை மேடை என்று ஒன்று உண்டு. கனடாவில் 1974-இல் தொடங்கிய வினிபெக் விழாவும் 1978-இல் தொடங்கிய வான்கூவர் விழாவும் இதற்குப் பேர்போனவை. வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்த கலைஞர்களை, சில சமயம் அதற்குமுன் ஒருவரையொருவர் பார்த்திராதவர்களை, ஒரே மேடையில் உட்கார வைத்துவிடுவார்கள். 'எந்தச் சுருதி?' என்று ஒருவர் காதோரம் கேட்பார். இன்னொருவர் தப்பான இடத்தில் நுழைந்து, சிரித்து, வெளியே வந்து, மறுபடி நுழைவார். தேர்ந்த கலைஞர்கள் தங்கள் பிழையை என்ன செய்கிறார்கள் என்பதை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்க வேறு இடம் எனக்குத் தெரியாது. அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. அடுத்த அடி வந்துவிடுகிறதே!

மூன்றாவது விழாவில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு பாடகிக்காகவே போயிருந்தேன். நான்கு வருடங்களாகக் காத்திருந்த குரல். பிற்பகல் நான்கு மணிக்கு மர நிழலில் சற்றே தலை சாய்த்தவள், கைதட்டல் கேட்டுத்தான் விழித்தேன். அவருடைய கடைசிப் பாட்டுக்கான கைதட்டல் அது. அதற்குப் பிறகு நான்கு குழுக்கள் பாடின. ஒன்றுகூட நினைவில் இல்லை. 'இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தாயா? உன்னால் எதையாவது உருப்படியாகச் செய்ய முடிகிறதா?' என்று உள்ளே ஒரே அர்ச்சனை. பாடகியைத் தவறவிட்டது தூக்கத்தால். அடுத்த நான்கு குழுக்களைத் தவறவிட்டது என் வாயால்.

கண்ணாடி முன்னால் நின்று 'நான் அற்புதமானவள்' என்று சொல்லச் சொல்லும் வகையறா எனக்கு ஒவ்வாது. அது மிகை என்று எனக்கே தெரியும். சொல்லி முடிப்பதற்குள் கோடு போட்டு அடித்துவிடுவேன். எனக்குக் கைகொடுத்தது வேறொன்று. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், தன்னிடம் கனிவாக இருப்பது என்றால் என்ன என்பதை 2003-இல் மூன்று கூறுகளாகப் பிரித்து எழுதினார். தன்னைச் சாடாமல் அன்பாக நடத்துவது, இது எனக்கு மட்டும் நேர்வதல்ல என்று உணர்வது, உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் பார்ப்பது. நான் அதைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசிக்கிறேன், ஏனென்றால் என்னைப் போன்றவர்களுக்கு முதலில் உண்மை வேண்டும், கனிவு அப்புறம்தான் இறங்கும். மூன்று வாக்கியம் போதும். 'தூங்கிவிட்டேன்; அவர் பாடியதைக் கேட்கவில்லை.' இது உள்ளது. 'காலையிலிருந்து வெயிலில் அலைந்துவிட்டு நிழலில் படுத்தால் யாரும்தான் தூங்குவார்கள்.' இது ஊருக்கெல்லாம் பொது. 'சரி, எழுந்து முகம் கழுவிக்கொள், அங்கே அடுத்தவர்கள் சுருதி சேர்க்கிறார்கள்.' கூட வந்த தோழி தூங்கியிருந்தால் அவளிடம் இதைத்தானே சொல்லியிருப்பேன்?

இதில் நானாகச் சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு. என்னை நான் திட்டும்போது எப்போதும் மொட்டையாக 'நீ'தான். அதன் கடைசியில் ஒரு 'ம்மா' சேர்த்துப் பார்த்தேன். 'தூங்கிவிட்டாயே' என்பதற்கும் 'தூங்கிவிட்டாயாம்மா' என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நீங்களே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் 'ப்பா' போட்டுக்கொள்ளலாம். திட்டத் தொடங்கினாலும் அந்த ஈரெழுத்து வந்து வாக்கியத்தை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. பழகிய காலணி, தொப்பி, தண்ணீர், மடித்து எடுத்துப்போகும் சிறு முக்காலி. கூட்டத்தில் செல்பேசி இணைப்பு படுத்துவிடும். கூட வந்தவர்களோடு 'எட்டு மணிக்கு இந்தக் கம்பத்தடியில்' என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். காதுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் இடம் தருகிறேன், ஏனென்றால் உட்காதில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் போனால் திரும்ப முளைப்பதில்லை. சத்தம் 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு. இப்படியே போனால் 100-க்குப் பதினைந்தே நிமிடம். நாட்டுப்புற இசைதானே, மெல்லத்தான் இருக்கும் என்று நம்பிப் பெரிய மேடையின் ஒலிபெருக்கிக்கு அடியில் போய் நிற்காதீர்கள். மேளக் குழு ஏறினால் தெரியும். காதடைப்பான் எடுத்துப்போங்கள். நுரை வகையாக இருந்தால் மெல்லியதாக உருட்டி, மற்றொரு கையால் காதை மேல்பக்கமாகப் பின்னுக்கு இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும்வரை விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். நுரை வகை, கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கூடுதலாக மழுக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்பட்ட வகையில் அந்தக் குறை குறைவு. உட்கார இடம் தேடுகிறீர்கள் என்றால், ஒலிக்கலவை செய்பவரின் மேசையை ஒட்டி உட்காருங்கள். அவர் தன் காதுக்கு நன்றாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டிருப்பார்.

ஐந்தாவது விழாவில் முழங்கால் தகராறு செய்தது. கூட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது நழுவி, மேடைக்குப் பின்னால் ஒரு திட்டில் போய் உட்கார்ந்தேன். 'வந்தாயிற்று, வழக்கம்போல ஓரமாக' என்று உள்ளே ஆரம்பித்துவிட்டது. எதிரே ஒரு பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைப்பிடி வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். தீ தோலைத் தொடவில்லை. ஒரு சாண் உயரத்தில் பறையைப் பிடித்து, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். எடுத்தார், உள்ளங்கையால் தடவினார், நடு விரலால் ஒருமுறை சுண்டினார். தொம்மென்று மந்தமாக வந்தது. தலையை ஆட்டிவிட்டு மறுபடி தீயில் காட்டினார். நான்காவது முறை சுண்டியபோது கணீரென்று ஒலித்தது.

"ஏன் ஐயா, காலையிலேயே காய்ச்சவில்லையா?" என்று கேட்டேன். என் கேள்வியிலும் சிவப்பு மை.

"காய்ச்சினேன் அம்மா. காற்றில் ஈரம் இருக்கிறது, தொய்ந்துவிட்டது. தோல் என்றால் தொய்யும்" என்றார். பறையை எடுத்துக்கொண்டு, அடிக்குச்சியை இடுப்பில் செருகியபடி மேடை ஏறிவிட்டார். எல்லாத் தோல் வாத்தியங்களுக்கும் இந்தப் பாடு உண்டு. அயர்லாந்தின் பௌரான் வாசிப்பவர்கள் ஈரம் மிகுந்தால் தோலைச் சூடாக்குவார்கள், வறண்டுபோனால் தண்ணீர் தடவுவார்கள். அடுத்த நாற்பது நிமிடம் அந்தத் திட்டில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே மேடைக்குப் பின்னாலிருந்து கேட்டேன். பறையின் முதுகுப்பக்க ஒலி வேறு மாதிரி இருக்கிறது. முன்னால் நின்றவர்களுக்கு அது கிடைத்திருக்காது.

அடுத்தது, பாடுவது. விழாவுக்குப் போய் வாயைத் திறக்காமல் வருபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நானும் அந்தக் கட்சிதான். 'எனக்கு வரிகள் தெரியாது, சுருதி சேராது.' இந்தப் பயத்தைத் தெளியவைத்தது இசை அல்ல, என் தொழிலறிவு. ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் ஆங்கில, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்கள் 305-ஐத் திரட்டினார். தொகுப்பு 1882 முதல் 1898 வரை வெளிவந்தது. ஒரே பாட்டுக்குப் பல வடிவங்கள் கிடைத்தபோது அவற்றை அடுத்தடுத்து ஏ, பி, சி என்று எழுத்திட்டு அச்சிட்டார். மூலப்படி எங்கே என்று என் கை துறுதுறுத்தது. இல்லவே இல்லை. 1954-இல் சாவோ பாவ்லோவில் கூடிய சர்வதேச நாட்டுப்புற இசை மன்றம், நாட்டுப்புற இசையை உருவாக்குபவை மூன்று என்று வரையறுத்தது: தொடர்ச்சி, மாறுபாடு, சமூகத்தின் தேர்வு. மாறுபாடு! நான் இருபத்திரண்டு வருடங்களாகக் களைந்துகொண்டிருக்கும் சரக்கு அது. ஏடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இதைப் பிழை என்று சொல்வதில்லை, பாடபேதம் என்பார்கள். பாடத் தெரியாதவளின் பாட்டுக்கு இதைவிட மரியாதையான பெயர் கிடைக்குமா?

அதனால் பல்லவி வரும்போது சேர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் ஒரு வரி பாட, கூட்டம் திருப்பிச் சொல்லும் அமைப்பு மேடைக்காக வந்ததல்ல. ஏற்றம் இறைத்தவர்களும் பாய்மரக் கயிறு இழுத்தவர்களும் நாற்று நட்டவர்களும் மூச்சும் கையும் சேர்ந்து இயங்கப் பாடியவை அவை. அங்கே குரல் தேர்வு யாரும் வைக்கவில்லை. முதல் தடவை கேளுங்கள், இரண்டாம் தடவை முணுமுணுங்கள், மூன்றாம் தடவை பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவுக்குப் பாடுங்கள். சொல் தெரியாத இடத்தில் எதையாவது போட்டு நிரப்புங்கள்.

இரவில் கலைஞர்களும் மற்றவர்களும் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பது வேறு கதை. அங்கே கொஞ்சம் அடக்கம் தேவை: இரண்டு பாட்டாவது கேட்டுவிட்டு, வாத்தியத்தை வெளியே எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மேளக்காரர்கள் இரண்டு முறை கேட்பது நல்லது.

முடிவதற்கு முன்பே கிளம்புவது குற்றமல்ல. இதைத்தான் நான் கடைசியாகக் கற்றேன், இன்னமும் முழுதாக வரவில்லை. கடைசிக் குழு ஏறுவதற்கு முன் கால் கெஞ்சினால், நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'இருக்க ஆசையா, இருந்தேன் என்று சொல்ல ஆசையா?' இரண்டாவது என்றால் முக்காலியை மடித்துவிடுவேன். நடந்து வெளியேறும்போது முதுகுக்குப் பின்னால் சிறிதாகிக்கொண்டே வரும் பாட்டு, இப்போது எனக்கு விழாவின் ஒரு நிகழ்ச்சி. நிரலில் அச்சாகாதது.

விழா முடிந்த மறுநாள் முடிந்தால் விடுப்பு எடுங்கள். இரண்டு நாள் சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் வடிந்த பிறகு மனசு சப்பென்று இருக்கும். அது உங்கள் குறையல்ல, வீடு அப்படித்தான் அமைதியாக இருக்கிறது. எனக்கு விடுப்புக் கிடைப்பதில்லை, நேரே மெய்ப்பு மேசைக்குத்தான். போன விழாவிலிருந்து ஒரு பல்லவியைக் கொண்டுவந்தேன். அதில் ஒரு சொல் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை; அந்த இடத்தில் 'நிலவே' என்று போட்டுக்கொண்டு பக்கம் திருப்பும்போதெல்லாம் முணுமுணுக்கிறேன். பாட்டில் நிலவே கிடையாது என்பது எனக்கு நிச்சயம். நேற்று மதியம் பக்கத்து மேசைக்காரர் ஒற்றுப் பார்த்துக்கொண்டே அதைப் பாடினார். 'நிலவே' என்றுதான்.