காஷ்மீர் ஏரிப் பாதை: எந்த நேரத்தில் எதைக் கடப்பது

சோனமார்க் அருகே ஷித்காடியில் ஏறத் தொடங்கி நாரநாக்கில் இறங்கும் இந்தப் பாதை சுமார் 70 கிலோமீட்டர். நடக்க ஆறு, ஏழு நாள் ஆகும். விஷன்சர், கிஷன்சர், கட்சர், சத்சர், கங்கபல், நுந்த்கோல் என ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நடுவே நிச்னய், கட்சர், சாஜ் என்று மூன்று கணவாய்கள். மூன்றிலும் உயரமானது கட்சர், ஏறக்குறைய 4,200 மீட்டர்.

ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் பருவம். பீர் பஞ்சால் மலைத்தொடர் பருவமழையைப் பெருமளவு தடுத்துவிடுவதால், உத்தராகண்ட் நனைந்து கிடக்கும்போதும் இங்கே நடக்க முடிகிறது. ஜூலைத் தொடக்கத்தில் ஓடைகளின் மேல் பனிப்பாலங்கள் மிச்சமிருக்கும். அடியில் தண்ணீர் அரித்து அவை மெலிந்திருக்கலாம். குதிரைக்காரர் கால் வைக்காத இடத்தில் நீங்களும் வைக்காதீர்கள்.

ஶ்ரீநகரில் இறங்கிய கையோடு நடக்கக் கிளம்பாமல், சோனமார்க்கில் ஓர் இரவாவது தங்குங்கள். அது சுமார் 2,700 மீட்டர். முதல் இரண்டு நாளிலேயே 3,500-ஐத் தாண்டிவிடுவீர்கள். கடல் மட்டத்து ஊர்க்காரருக்கு அங்கேதான் தலைவலி தொடங்கும். தலைவலியோடு குமட்டலும் இருந்தால் அன்று மேலே ஏற வேண்டாம். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவானாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். உயரத்தால் வரும் இந்த உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரை எடுப்பதானால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தப் பாதையில் எல்லாமே நேரக் கணக்குதான். விஷன்சரிலிருந்து கட்சர் கணவாய் தாண்டும் நாள்தான் நீளமானது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பதினொன்றுக்குள் கணவாய் உச்சியில் இருக்கப் பாருங்கள். கிஷன்சர், விஷன்சர் இரண்டும் ஒரே பார்வையில் தெரியும் இடம் அந்த ஏற்றத்தில்தான் என்பதால், படம் எடுத்தே ஒரு மணி நேரத்தைத் தொலைப்பவர்கள் ஏராளம். மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு மழையோ ஆலங்கட்டியோ விழுந்தால், மறுபக்கத்துச் செங்குத்து இறக்கம் வழுக்கத் தொடங்கும்.

ஓடைகளுக்கும் இதே கணக்குதான். வெயில் ஏற ஏறப் பனி உருகி நீர் கூடும். காலையில் கணுக்காலளவு ஓடியது மாலையில் முழங்காலைத் தொடும். குறுகலான இடத்தில் ஆழமும் வேகமும் அதிகம் என்பதால், அகன்று பிரிந்து ஓடும் இடமாகப் பாருங்கள். பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டி, பட்டை வைத்த செருப்புக்கு மாறுங்கள். வெறுங்கால் கூடாது, இரண்டு நிமிடத்தில் பாதம் மரத்துப்போய்க் கல் தெரியாது. முதுகுப்பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும். முகம் நீர் வரும் திசையைப் பார்க்கட்டும். கோலை ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக நகருங்கள்.

ராணுவ முகாம்களில் அடையாள அட்டையைச் சரிபார்ப்பார்கள். அசலே கையில் இருக்கட்டும். பாதுகாப்புக் காரணத்துக்காகப் பாதையை மூடுவதும் உண்டு, டிக்கெட் போடும் முன் விசாரியுங்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட்தான். மலைக்குள் அதற்கும் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள். கேஸ் கேனை விமானத்தில் ஏற்ற முடியாது, பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும்.

கடைசி நாளில் கங்கபல் பக்கமிருந்து நாரநாக்குக்கு ஒரே மூச்சில் 1,200 மீட்டருக்கு மேல் இறக்கம். ஏற்றத்துக்கே பயிற்சி எடுத்து வந்தவர்களின் முட்டி இங்கே பழிவாங்கும். ஊரில் மாடிப்படி ஏறிப் பழகும்போது இறங்குவதற்கு லிஃப்டைத் தேடாமல் படியிலேயே இறங்குங்கள். அன்று காலை கால் நகங்களை ஒட்ட வெட்டி, குதிகாலைப் பின்னால் நன்றாகப் பதித்து, கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். லேஸ் தளர்ந்தால் விரல்கள் பூட்ஸின் முனையில் முட்டி முட்டி, நாரநாக் கோயில் இடிபாடுகளைப் பார்ப்பதற்குள் பெருவிரல் நகம் கறுத்திருக்கும்.