கலர் அடிக்கும் பிள்ளையிடம் நாம் செய்யும் தவறுகள்

எல்.கே.ஜி. சேர்க்கும் முன்னாலேயே பிள்ளைக்குக் கலரிங் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். நல்ல காரியம்தான். கிரேயானை அழுத்தி இழுக்கும்போது விரலுக்குப் பலம் வருகிறது, மணிக்கட்டு நிலைக்கிறது, கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகுகின்றன. நாளைக்கு எழுதுவதற்கும், சட்டைக்குப் பொத்தான் போடுவதற்கும், தோசையைப் பிய்த்துத் தின்பதற்கும் இந்தப் பலம்தான் வேண்டும். ஆனால் வீட்டில் எல்லாருடைய கண்ணும் தாள் மேலேயே இருக்கிறது. படம் அழகாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்ததும் தவறுகளும் ஆரம்பித்துவிடுகின்றன.

"கோட்டுக்கு வெளிய போவாதல!" திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, டவுன், தச்சநல்லூர், எந்தப் பக்கம் போனாலும் இந்தக் குரல் கேட்கும். மூன்று வயதுப் பிள்ளை கலர் அடிக்கும்போது ஒருதடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முழங்கை எங்கேயும் ஊன்றியிருக்காது. தோளிலிருந்தே கை மொத்தமும் ஆடும். மயிலுக்குப் பச்சை அடிக்கப் போன கிரேயான் பக்கத்து மேகத்தையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வரும். கையோடு வாயும் லேசாகத் திறந்து மூடும். பிள்ளை கவனமாகத்தான் இருக்கிறது. கையின் கட்டுப்பாடு தோளில் தொடங்கி, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இறங்கி, கடைசியாகத்தான் விரலுக்கு வந்து சேரும். கோட்டுக்குள் ஓரளவு நிற்பது பொதுவாக நாலரை, ஐந்து வயதை ஒட்டித்தான் வரும். அதற்கு முன்னால் அதட்டினால் கிரேயானை இறுக்கிப் பிடித்து விரல் நோகும். இல்லையென்றால் "எனக்கு வராது, நீ அடி ஆச்சி" என்று தள்ளிவிட்டு எழுந்துவிடும்.

இரண்டு, மூன்று வயதுக்கு வெறும் தாளே போதும், பெரிய தாளாக இருக்கட்டும். பழைய தினசரி காலண்டர் தாள் சின்னது. மாதக் காலண்டரின் பின்பக்கம் நல்லது. நாலு வயதில் கோடு வேண்டுமென்றால் தடியான கோட்டில் நீங்களே வரைந்து கொடுங்கள். வெட்டிய நுங்கு ஒன்று வரைந்தால் மூன்று கண் கிடைக்கும். மூன்றையும் நிரப்புவது அந்த வயதுக்கு அளவான வேலை.

அடுத்தது, பிடி. "பென்சிலை ஒழுங்காப் பிடி" என்று மூன்று வயதில் விரலைப் பிடித்துத் திருத்துகிறார்கள். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான்; ஒவ்வொன்றாக எலும்பாகி முடியக் கிட்டத்தட்ட பத்து, பன்னிரண்டு வயதாகிவிடும். ஒன்றரை வயதில் முஷ்டியில் பிடிப்பது, மூன்றையொட்டி விரல்களைக் கீழே பார்க்க வைத்துப் பிடிப்பது, நாலிலிருந்து ஆறுக்குள் மூன்று விரலால் பிடிப்பது, இப்படித்தான் படிப்படியாக மாறும். நாம் செய்யக்கூடியது கிரேயானை மாற்றுவது. விரல் நீளத்துக்குக் கொடுத்தால் முஷ்டிக்குள் போய்விடும். ஒரு அங்குலத் துண்டில் ஐந்து விரலுக்கும் இடம் கிடையாது; பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தாமாகவே சேரும். உடைந்த கிரேயானைக் குப்பையில் போடாதீர்கள். முழுசாக இருந்தால் நீங்களே உடைத்துக் கொடுங்கள்.

ஸ்கெட்ச் பேனா பளிச்சென்று இருக்கும், ஆனால் அழுத்தவே வேண்டாம், தொட்டாலே எழுதும். செல்போனில் விரலால் தேய்த்துக் கலர் நிரப்புவதும் அதே கதைதான். கைக்கு அதில் வேலை இல்லை.

உட்காரும் இடத்தை யாரும் கவனிப்பதில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு, சோபாவில் கால் தொங்க உட்கார்ந்துகொண்டு கலர் அடித்தால் பிள்ளையின் பலமெல்லாம் உடம்பைப் பிடித்து வைப்பதிலேயே போய்விடும். பாதம் தரையில் படவேண்டும், மேசை முழங்கை உயரத்துக்கு இருக்கவேண்டும். மேசை இல்லையா, பாயை விரித்துக் குப்புறப் படுத்து அடிக்கட்டும், தோளுக்கு நல்ல வேலை. அதைவிட நல்லது சுவர். தாளைப் பிள்ளையின் கண் மட்டத்தில் ஒட்டிவிட்டால் மணிக்கட்டு தானாகவே பின்னால் வளைந்து நிற்கும். எழுத வேண்டிய நிலை அதுதான். சுவர் அழுக்காகும் என்று பயந்தால் ஒரு கிண்ணம் தண்ணியும் பழைய பிரஷும் கொடுத்து வெளித்திண்ணைச் சுவரில் வரைய விடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்குச் சீக்கிரமே காய்ந்துவிடும், திரும்ப வரையலாம். காலையிலோ சாயங்காலமோ நிழலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடது கையில் எடுத்தால் "சோத்துக்கையால அடி" என்று மாற்ற வேண்டாம். எந்தக் கை என்பது உறுதியாக நாலு முதல் ஆறு வயதாகலாம். கிரேயானை நடுவில் வையுங்கள், பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும்.

கலரிங் மட்டுமே போதும் என்று நினைப்பதும் தவறுதான். இடியாப்ப மாவில் ஒரு உருண்டை உருட்டக் கொடுங்கள். அவித்த பனங்கிழங்கில் நார் உரிக்கட்டும், கோலப்பொடியை இரண்டு விரலில் எடுத்துப் புள்ளி வைக்கட்டும். பல்லாங்குழியில் புளியமுத்து போடுவது அருமையான பயிற்சி. ஆனால் மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம், வாயில் போட்டுவிடும்.

ஐந்து வயதை நெருங்கியும் முஷ்டியில்தான் பிடிக்கிறது, கை சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது, பொத்தான், ஸ்பூன் எதுவும் வசப்படவில்லை என்றால் "போகப் போகச் சரியாயிரும்" என்று தள்ளிப்போடாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் காட்டலாம். போகும்போது பிள்ளை கலர் அடித்த தாள் இரண்டு மூன்றை, திருத்தாமல் அப்படியே கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் பார்ப்பதற்கு உதவும்.