சரிவான மனையில் மண் நகருமா? வாங்கும் முன் நீங்களே பார்க்கும் முறை

சரிவான இடத்தில் ஒரு மனை பிடித்துப்போயிற்று என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அதற்காக இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள் வெயிலில் போங்கள். இன்னொரு நாள், நல்ல மழை பெய்து ஓய்ந்த கையோடு போங்கள். வெயிலில் பார்த்தால் எல்லாச் சரிவும் உறுதியாகத்தான் தெரியும்.

ஒரு மீட்டர் நீள நேர்ப்பலகை, ரசமட்டம், அளவு நாடா, கடப்பாரை, மண்வெட்டி, சில மரமுளைகள், ஒரு நோட்டு இருந்தால் போதும். இந்தச் சோதனை பொறியாளருக்கு மாற்று அல்ல. எந்த மனையை விட்டு உடனே விலக வேண்டும், எதற்குப் பொறியாளரை அழைக்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்க உதவும்.

படி 1: மனைக்கு எதிரே நின்று பாருங்கள்

மனைக்குள் நின்றால் மலை தெரியாது. எதிர்ப்பக்கம் போய் முழுச் சரிவையும் பாருங்கள். மேலே குதிரை லாட வடிவில் ஒரு பள்ளம், அதற்குக் கீழே மேடும் குழியுமாகக் குழம்பிய நிலம் என்று இருந்தால், அது பழைய சரிவின் தழும்பு. ஒருமுறை நகர்ந்த மண்ணுக்குள் வழுக்கும் தளம் தயாராகவே இருக்கும். மறுபடி நகர அதற்குப் பெரிய காரணம் தேவையில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஓசோ என்ற ஊருக்கு அருகே 2014 மார்ச் 22 அன்று ஒரு மலைச்சரிவு இடிந்து 43 பேர் இறந்தார்கள். அதே சரிவு 2006-லும் நகர்ந்திருந்தது. 2014-இல் சேறு ஆற்றைத் தாண்டி, எதிர்க்கரையின் சமதளத்தில் இருந்த வீடுகளை மூடியது. ஆகவே ‘என் மனை சமமாகத்தானே இருக்கிறது’ என்று ஆறுதல் கொள்ள முடியாது. செங்குத்தான ஓடை வந்து விரியும் வாயில், பெரிய கற்கள் விசிறி போலப் பரவிக் கிடக்கும் இடமும் ஆபத்தானதே. அந்தக் கற்களைக் கொண்டுவந்த வெள்ளம் மீண்டும் அதே வழியில் வரலாம்.

படி 2: தண்ணீர் எங்கே என்று தேடுங்கள்

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். தண்ணீர் மண்ணை வழுக்கவைக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய வேலையை அது உள்ளே செய்கிறது. மண்துகள்களின் இடைவெளியில் நிரம்பும் நீர் அழுத்தம் கொடுத்துத் துகள்களை விலக்கப் பார்க்கும். அவற்றின் பிடிப்பு தளரும். எடையும் ஏறும்: நீர் முழுக்க ஊறிய மண் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 2 டன் இருக்கும்.

கோடையிலும் பச்சையாக நிற்கும் கோரைப்புல், காலடியில் நொதநொதக்கும் தரை, சரிவின் நடுவில் ஊறல், மழைக்குப் பின் புதிதாகக் கிளம்பிய ஊற்று ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே ஏறிப் போங்கள். மேல்வீட்டு உறிஞ்சுகுழி எங்கே? சாலையின் மழைநீர் எந்தப் பக்கம் திறந்துவிடப்பட்டிருக்கிறது? உங்கள் எல்லைக்கு வெளியே இருக்கும் தண்ணீரும் உங்கள் பிரச்சினைதான்.

வேல்ஸ் நாட்டின் அபர்ஃபானில் ஊற்றுகளின் மேலேயே நிலக்கரிச் சுரங்கக் கழிவைக் குவித்து வைத்திருந்தார்கள். 1966 அக்டோபர் 21 அன்று அது சரிந்து கீழே இருந்த பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். ஊற்றின் மேல் மண் கொட்டி மனையைச் ‘சமப்படுத்தி’ இருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர்தான் நினைவுக்கு வருகிறது.

படி 3: சரிவை அளந்து பாருங்கள்

பலகையின் ஒரு முனையை மேட்டுப் பக்கத் தரையில் வைத்து, ரசமட்டம் சமமாகும் வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனையிலிருந்து தரை வரை உள்ள உயரத்தை அளங்கள். 27 செ.மீ. என்றால் 15 டிகிரி, 36 என்றால் 20, 58 என்றால் 30. பல இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கோணத்தை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே பழைய வழுக்குத் தளம் உள்ள களிமண் 10 டிகிரிச் சரிவிலும் நகரக்கூடும்.

படி 4: விரிசல், மரம், சுவர்

காய்ந்த களிமண் வலைப்பின்னலாக வெடிப்பது வழக்கம்தான். சரிவுக்குக் குறுக்கே பிறைபோல நீளும் விரிசலும், அதன் கீழ்ப்பக்கத் தரை சற்று இறங்கியிருப்பதும்தான் கவலைக்குரியவை. விரிசலின் இருபுறமும் முளை அடித்து, இடைவெளியை வாரம் ஒருமுறை அளங்கள். அது கூடிக்கொண்டே போனால், அங்கே கட்டும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

அடிமரம் வளைந்து, மேலே நிமிர்ந்த மரங்கள் மண் மெல்ல ஊர்வதைக் காட்டலாம். வெளிச்சத்தைத் தேடியும் மரம் வளையும். அதனால் தனி ஒரு மரத்தை விட்டுவிட்டு, பல மரங்களும் கம்பங்களும் வேலியும் சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அக்கம்பக்கத்துத் தடுப்புச் சுவர்களின் வயிறு புடைத்திருக்கிறதா, சுவரில் நீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். அங்கே வெகுகாலமாகக் குடியிருப்பவரிடம், கதவுகள் திடீரென்று இறுக ஆரம்பித்தனவா என்று கேளுங்கள்.

படி 5: சிறு குழிகள் தோண்டுங்கள்

உரிமையாளரின் அனுமதியோடு மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் தோண்டுங்கள். இடுப்பளவுக்கு மேல் ஆழப்படுத்தி உள்ளே இறங்காதீர்கள். குழியின் சுவரே ஆளை மூடிவிடும். உள்ளே செங்கல் துண்டு, பிளாஸ்டிக், அடியில் புதைந்த கறுப்பு மேல்மண் தெரிந்தால் அது கொட்டி நிரப்பிய மண். ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டினால் 3 மி.மீ. தடிமனுக்கு நூலாகத் திரள்கிறதா? அதில் களிமண் அதிகம். பாறை தெரிந்தால் அதன் அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். சரிவின் பக்கமே வெளிநோக்கிச் சாய்ந்தால், அடுக்கு அடுக்காக வழுக்கி இறங்க இடமுண்டு.

படி 6: நீங்கள் கட்டப்போவதையும் கணக்கில் எடுங்கள்

சரிவைத் தாங்கிப் பிடிப்பது அதன் அடிவாரம். அங்கே செங்குத்தாக வெட்டி, எடுத்த மண்ணை மேல்விளிம்பில் கொட்டுவது இரண்டு பக்கமும் கெடுதல். வீட்டுத் திட்டத்துக்கு அப்படிப்பட்ட வெட்டு தேவைப்பட்டாலோ, மேலே சொன்ன அடையாளங்களில் ஏதாவது தென்பட்டாலோ, மண்ணியல் பொறியாளரை அழையுங்கள். அவர் ஆழ்துளையிட்டு மண் எடுத்து, பாதுகாப்புக் காரணியைக் கணக்கிடுவார். சரிவை நகர்த்தப் பார்க்கும் விசையைப்போல அதைப் பிடித்து நிறுத்தும் வலிமை எத்தனை மடங்கு என்று சொல்லும் எண் அது. நிரந்தரச் சரிவுகளுக்குப் பரவலாகக் கேட்கப்படும் அளவு 1.5. அது மண் காய்ந்திருக்கும் நிலைக்கா, நிலத்தடி நீர் ஏறி நிற்கும் மழைக்கால நிலைக்கா என்று அவரிடம் கேளுங்கள். மழைக்கால எண்ணை எழுத்தில் வாங்கிய பிறகு விலை பேசுங்கள்.