நம்ம ஊர் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) பட்டத்தோடு அமெரிக்க சமூகப்பணி லைசென்ஸ் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

நம் ஊரில் சமூகப்பணிக்கு லைசென்ஸ் என்ற ஒன்றே கிடையாது. அதனால் அமெரிக்கா போனதும் ஏஎஸ்டபிள்யூபி (சமூகப்பணி போர்டுகளின் சங்கம்) நடத்தும் லைசென்ஸ் தேர்வு எழுதணும் என்று யாராவது சொன்னால், பலரும் உடனே ஒரு தடிமனான புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் உங்கள் பட்டத்தை சிஎஸ்டபிள்யூஇ (அமெரிக்க சமூகப்பணிக் கல்வி கவுன்சில்) மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், கல்லூரியிலிருந்து சான்றிதழ்கள் வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடலாம். அப்புறம் லைசென்ஸ் தரும் உங்கள் மாநில போர்டின் விதிகளைப் படியுங்கள். இல்லினாயில் எல்எஸ்டபிள்யூ (சமூகப்பணியாளர்) லைசென்ஸுக்கு 2022 முதல் இந்தத் தேர்வே தேவையில்லை. கலிபோர்னியாவில் எல்சிஎஸ்டபிள்யூ (மனநலச் சிகிச்சை தரும் கிளினிக்கல் சமூகப்பணியாளர்) ஆக வேண்டுமென்றால் ஏஎஸ்டபிள்யூபியின் கிளினிக்கல் தேர்வோடு அந்த மாநிலத்தின் சட்டம், நெறிமுறைத் தேர்வையும் எழுத வேண்டும்.

ஏஎஸ்டபிள்யூபி தேர்வில் 2018 பாடத்திட்டப்படி 170 கேள்விகள், 4 மணி நேரம். மதிப்பெண் 150 கேள்விகளுக்குத்தான், மற்ற 20 சோதனைக் கேள்விகள் எவை என்று உங்களுக்குத் தெரியாது. 2026இல் இந்த அமைப்பை மாற்றுவதாக அறிவித்திருக்கிறார்கள், எனவே உங்கள் தேதிக்கு எது பொருந்தும் என்று பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள்.

சரி, நம்மவர்கள் தடுமாறுவது எங்கே? என் கணிப்பில் அது பாடத்தில் இல்லை, நாம் பழகிய வேலைமுறையில் இருக்கிறது. 24 வயது க்ளையன்டின் அம்மா போன் செய்து "என் பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்கிறார். மதுரையிலோ கோவையிலோ என்றால் அம்மாவை உட்காரவைத்துப் பேசியிருப்போம், குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் இங்கே எந்த வேலையும் நகராது. அந்தத் தேர்விலோ, பையனின் சம்மதம் இல்லாமல், அவன் உங்களிடம் வருகிறான் என்பதைக்கூட அம்மாவிடம் சொல்லக் கூடாது. அதே மாதிரி, குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்று நியாயமான சந்தேகம் வந்தாலே புகார் கொடுத்தாக வேண்டும், நீங்களே விசாரித்து உறுதிசெய்கிறேன் என்ற விடை தப்பு. ஆகவே என்ஏஎஸ்டபிள்யூ (அமெரிக்க சமூகப்பணியாளர் சங்கம்) நெறிமுறைத் தொகுப்பை ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பது போதாது, ஒவ்வொரு விதிக்கும் "நம் ஊரில் என்ன செய்வோம், இந்தத் தொகுப்பு என்ன செய்யச் சொல்கிறது" என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே படியுங்கள்.

கேள்வியில் 'ஃபர்ஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'பெஸ்ட்' என்று வரும் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொடுத்திருக்கும் விடைகள் பலவும் செய்யத்தக்கவையாகவே இருக்கும், கேட்பது வரிசையை. தற்கொலை எண்ணம் இருப்பதாக ஒருவர் சொன்னால் முதல் வேலை ஆபத்து எவ்வளவு என்று கேட்டறிவது, உடனே மருத்துவமனையில் சேர்ப்பது அல்ல.

கிளினிக்கல் எழுதுபவர்கள் டிஎஸ்எம்-5-டிஆரில் (மனநோய்களைக் கண்டறியும் அமெரிக்கக் கையேடு) வரும் கால அளவுகளை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் அறிகுறிகள் 3 நாளிலிருந்து ஒரு மாதம் வரை என்றால் அக்யூட் ஸ்ட்ரெஸ், ஒரு மாதத்தைத் தாண்டினால் பிடிஎஸ்டி. சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் மனநிலை) அறிகுறிகள் ஒரு மாதத்துக்குள் என்றால் ப்ரீஃப் சைக்கோடிக், 6 மாதத்துக்குள் ஸ்கிசோஃப்ரெனிஃபார்ம், அதற்கு மேல் ஸ்கிசோஃப்ரினியா.

தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, எதையும் காலியாக விடாதீர்கள். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்குச் சில மாநிலங்கள் கூடுதல் நேரம் தருகின்றன, ஆனால் தேர்வுத் தேதியைப் பதிவு செய்வதற்கு முன்பே போர்டிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.