அமெரிக்காவைச் ‘சிலராட்சி’ என்று எழுதுவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு கல்லூரிக் கட்டுரைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு: ‘அமெரிக்கா இன்னும் மக்களாட்சிதானா?’ வந்தவை நாற்பது கட்டுரைகள். பாதிக்கு மேற்பட்டவற்றில் 2014இல் நானே செய்த பிழை பல்லிளித்துக்கொண்டு நின்றது. எழுத்துப்பிழை, ஆண்டுப்பிழையெல்லாம் யாரும் திருத்திவிடலாம். அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

தலையை எண்ணுவது

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் 535 பேர், உச்ச நீதிமன்றத்தில் 9 பேர், ஆகவே சிலராட்சி என்று ஒருவர் எழுதியிருந்தார். எந்த நாட்டிலும் ஆள்பவர்கள் சிலர்தான். அரிஸ்டாட்டில் அன்றே இதைத் தெளிவாக்கிவிட்டார்: சிலராட்சிக்கு எண்ணிக்கை தற்செயல், செல்வமே அடையாளம். பணக்காரர்கள் பெரும்பான்மையாக இருந்து ஆண்டாலும் அவர் கணக்கில் அது சிலராட்சிதான்.

செய்தித் தலைப்பை நம்பி ஆய்வைத் தூக்கிப் பிடிப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

2014இல் மார்ட்டின் கிலன்ஸ், பெஞ்சமின் பேஜ் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1981 முதல் 2002 வரை கருத்துக்கணிப்புகளில் கேட்கப்பட்ட 1,779 கொள்கைக் கேள்விகளை எடுத்துக்கொண்டு, மக்கள் எதை விரும்பினார்கள், பிறகு எது நடந்தது என்று ஒப்பிட்டார்கள். வசதி படைத்தவர்களின் விருப்பத்தையும் அமைப்பாகத் திரண்ட குழுக்களின் விருப்பத்தையும் கணக்கில் சேர்த்தபின், நடுத்தரக் குடிமகனின் விருப்பத்துக்குத் தனிச் செல்வாக்கு ஏறத்தாழ இல்லை என்பது முடிவு. ‘அமெரிக்கா மக்களாட்சி அல்ல, சிலராட்சி’ என்று ஊடகங்கள் தலைப்பிட்டன. நானும் அதையே என் பத்தியின் தலைப்பாக்கி, தனி விமானத்தில் பறக்கும் கோடீசுவரர்களை வருணித்து இரண்டு பக்கம் எழுதினேன்.

பத்து நாளில் ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர். அதில் ஒரே ஒரு கேள்விதான்: ‘அந்த ஆய்வில் வசதி படைத்தவர் என்பவரின் ஆண்டு வருமானம் எவ்வளவு, ஐயா?’

எனக்குத் தெரியவில்லை. ஆய்வை நான் படித்திருக்கவே இல்லை. அதன்பிறகுதான் படித்தேன். வருமான வரிசையில் கீழிருந்து நூற்றுக்குத் தொண்ணூறாவது இடத்தில் இருப்பவரைத்தான் அவர்கள் அளந்திருக்கிறார்கள். 2012 கணக்கில் ஆண்டுக்கு 1,46,000 டாலர் குடும்ப வருமானம். கணவன், மனைவி இருவரும் நல்ல வேலையில் இருக்கும் வீடு, அவ்வளவுதான். என் தனி விமானம் அங்கேயே தரை தட்டியது.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான கேள்விகளில் இந்த வீடும் நடுத்தர வீடும் ஒன்றையேதான் விரும்புகின்றன. அதே தரவைப் பின்னர் அலசிய வேறு ஆய்வாளர்கள், இரு தரப்பும் மோதிக்கொண்டவை 185 கேள்விகள்தான் என்றும், அவற்றில் வசதியானவர்கள் 53 சதவீதமும் நடுத்தரத்தினர் 47 சதவீதமும் வென்றார்கள் என்றும் காட்டினார்கள். கிலன்ஸ், பேஜ் தரப்பு வாதமும் லேசானதல்ல: வசதியானவர் விரும்பியதையே நீங்களும் விரும்பி, அது நடந்துவிட்டால் அதை உங்கள் அதிகாரம் என்று சொல்ல முடியாது. தேருக்குப் பின்னால் நடப்பவர் தேரை இழுப்பவர் ஆகிவிட மாட்டார்.

தரவு 2002இல் முடிந்துவிடுகிறது என்பதையும் பாருங்கள். தேர்தல் செலவு பற்றிய 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அமெரிக்காவைச் சிலராட்சியாக்கிவிட்டது என்பதற்கு இதே ஆய்வைச் சான்று காட்டிய கட்டுரைகள் மட்டும் பதினொன்று! நோய் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு எடுத்த இரத்தப் பரிசோதனையை நீட்டுகிறார்கள்.

என் பத்திக்கு அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் வந்தது. எட்டு மாதம் அந்தப் பக்கத்தை என்னிடம் யாரும் தரவில்லை.

2010 தீர்ப்பைத் தவறாகச் சொல்வது

நிறுவனங்கள் வேட்பாளர் கையில் வரம்பின்றிப் பணம் தரலாம் என்று ‘சிட்டிசன்ஸ் யுனைட்டட்’ தீர்ப்பு சொல்லவில்லை. அப்படித் தருவதற்கு 1907 முதல் உள்ள தடை கூட்டாட்சித் தேர்தல்களில் இன்றும் இருக்கிறது. வேட்பாளருடன் கலந்துகொள்ளாமல் தனியாகச் செலவழிக்கத்தான் அனுமதி. அந்தத் தனிமை வெறும் பாவனை என்று நீங்கள் வாதிடலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் விதியை முதலில் சரியாகச் சொல்லுங்கள்.

செனட்டை இதில் இழுப்பது

ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்கிற்கும் ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவிற்கும் காங்கிரசின் மேலவையான செனட்டில் தலா இரண்டு உறுப்பினர்கள். இது 1787ஆம் ஆண்டுப் பேரத்தின் விளைவு. அநீதிதான், ஆனால் செல்வத்தால் வந்ததல்ல; வேறு வழக்கு.

ரஷ்யாவோடு ஒப்பிடுவது

வேண்டாம். அங்கே அரசுதான் செல்வரை அடக்குகிறது: 2003இல் பெருஞ்செல்வர் கோதர்கோவ்ஸ்கியை அரசு சிறையில் போட்டது.

வாக்குப்பெட்டியில் மட்டும் பணத்தைத் தேடுவது

2020இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் கோடீசுவரர் மைக்கேல் புளூம்பெர்க் ஏறத்தாழ 100 கோடி டாலரைக் கொட்டி, அமெரிக்கச் சமோவா என்ற சின்னஞ்சிறு தீவுப் பகுதியில் மட்டும் வென்றார். ‘பணம் வெல்லாது’ என்கிறது ஒரு கூட்டம். 2024இல் டிரம்பின் வெற்றிக்காக எலான் மஸ்க் 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். ‘பணமே வெல்லும்’ என்கிறது மறு கூட்டம். அடுத்த ஆண்டே விஸ்கான்சின் மாநில நீதிபதித் தேர்தலில் அவர் பணம் தோற்றது. இப்படி மாறி மாறி எடுத்துக்காட்டு அடுக்கிக்கொண்டே போகலாம்.

நடக்காமல் போனவற்றைப் பாருங்கள். முதலீட்டு நிதி மேலாளர்கள் தங்கள் உழைப்புக்குப் பெறும் இலாபப் பங்குக்குச் சம்பளத்துக்கான வருமான வரி இல்லை, அதைவிடக் குறைந்த மூலதன ஆதாய வரிதான். ஒபாமா இந்தச் சலுகையை ஒழிக்க விரும்பினார். 2016 பிரசாரத்தில் டிரம்பும் ஒழிப்பதாகச் சொன்னார். 2017 வரிச் சட்டம், முதலீட்டை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதைக் காப்பாற்றியது. 2022இல் கிர்ஸ்டன் சினிமா என்ற ஒரே செனட்டரின் வாக்குக்காக, அதைக் குறுக்கும் முயற்சியைக்கூடக் கைவிட்டார்கள்.

கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலர். அசையவில்லை. 2020இல் ஃப்ளோரிடா டிரம்பைத் தேர்ந்தெடுத்த அதே நாளில், மாநில ஊதியத்தைப் படிப்படியாக 15 டாலராக்க அங்கே ஏறத்தாழ 61 சதவீதம் பேர் வாக்களித்தார்கள்.

நாற்பதில் ஒரே ஒரு கட்டுரை இந்த 7.25ஐப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போனது. ‘சிலராட்சி’ என்ற சொல்லே அதில் இல்லை. முதல் பரிசை அதற்குத்தான் கொடுத்தேன். தலைப்புக்கு அது விடையே சொல்லவில்லை என்று உடனிருந்த நடுவர் இன்னும் குறைபட்டுக்கொண்டிருக்கிறார்.